மூன்றாவது அண்டா

பெயரைச் சொல்லலாம்தான். சொன்னால் தென்காசியில் அந்தத் தெருவில் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நான்கு பேருமே அவராக இருக்க மாட்டார்கள். ஊர் அவரைப் பண்டாரி என்றுதான் கூப்பிட்டது. முஸ்லிம் கல்யாணங்களில் பந்திக்குச் சமைக்கிறவருக்கு அதுதான் பெயர். அவருடைய நெய்ச்சோற்றுக்காகவே கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்த வீடுகள் உண்டு என்பார்கள். நான் அந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டதில்லை. நான் அவரோடு இருந்த மூன்று மாதமும் அவர் கேழ்வரகுக் கஞ்சிதான் காய்ச்சினார். அவருக்கு மேலே பொறுப்பாளனாக இருந்தவன் நான். வெந்நீர் வைக்கத் தெரியாத ஒருவனைப் பண்டாரிக்கு மேலே உட்கார வைத்தது சர்க்காரின் வேடிக்கைகளில் ஒன்று.

ஐம்பதுகளின் தொடக்கம். எல்லா ஊரிலும் அரிசிக்கு வரிசை நின்றது; எங்கள் பக்கத்தில் நூலுக்கும் நின்றது. அது சாரம் நெய்கிற தெரு. மற்ற ஊர்க்காரர்கள் கைலி என்பதை நாங்கள் சாரம் என்போம். நூல் வரவில்லை, எப்போதாவது வந்தபோது நெய்த சாரம் விற்கவில்லை. வீட்டுக்கு வீடு குழியில் கிடந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அந்தத் தெருவில் நடந்தால் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றும். அத்தனை வருஷம் கேட்ட சத்தம் அங்கே இல்லை. சர்க்கார் ஒரு பழைய கொட்டகையில் கஞ்சித்தொட்டி திறந்தது. மத்தியானம் ஆளுக்கு ஒரு அகப்பை. வரிசையில் நின்று வாங்கி, அங்கேயே குடித்துவிட்டுப் போக வேண்டும். குடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் ஒரு சொட்டுப் போகக் கூடாது. போனால் தொட்டியை மூடிவிடுவார்கள்.

தாலுகா ஆபீசில் தற்காலிக கிளார்க்காக இருந்த என்னை அங்கே அனுப்பினார்கள். வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். பசித்த கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ. வேடிக்கையாகப் பேசுகிறவனெல்லாம் தைரியசாலி என்று ஒரு மூடநம்பிக்கை நம் நாட்டில் இருக்கிறது. நான் பேசுவதே பயத்தில்தான். பயம் அதிகமானால் பேச்சு நின்று வயிறு கலக்கும்.

முதல் நாள் காலையில் பண்டாரி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், முகத்தில் ஏற்கெனவே மூன்று பந்தி பரிமாறி முடித்த களைப்பு. இரண்டு அண்டாக்களையும் தட்டிப் பார்த்தார். மாவு மூட்டையில் கைவிட்டு முகர்ந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"சார், இத எப்ப மூடுவிய?"

"பாய், இன்னிக்குத்தானே திறக்கோம்."

"தொறக்கது கண்ணுல தெரியுது. மூடுறதத்தான் கேக்கேன்."

"மூணு மாசத்துக்கு உத்தரவு."

விரலை மடக்கி எண்ணினார். "அப்பம் ஆடி வரைக்கும். நடுவுல சாரல் வந்துருமே." விறகு நனைவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஒருவரும் வரவில்லை. கஞ்சி கொதித்து அடங்கி ஆடை கட்டியது. ஆண்கள் எதிர்ச்சாரியில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். அடுத்தவன் பந்திக்குப் பக்கத்தில் நிற்பதுகூடக் கேவலம் என்று வளர்ந்தவர்கள் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பார்களா?  இரண்டு அண்டாக் கஞ்சியும் மீந்தது என்று எழுதி அனுப்பினால் என்னையும் அண்டாவோடு சேர்த்து ஏலம் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது நானே நான்கு டம்ளர் குடித்தேன். அண்டாவில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

பண்டாரி வீட்டுக்குப் போய்ப் பெரிய தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சகன் என்பார்கள். விருந்தில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். யார் எவ்வளவு எடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. பாய் விரித்து, இறுகிப் போயிருந்த கஞ்சியைச் சகனில் கொட்டி, முதல் ஆளாகத் தானே உட்கார்ந்தார். எதிர்ச்சாரியில் நின்ற கிழவரைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். அவர் தெருவின் மூத்த நெசவுக்காரர். பண்டாரிக்கு மச்சான் முறை.

"மச்சான், சகன்ல மூணு எடம் கெடக்கு. தனியா உக்காந்தா எனக்கு எறங்காது."

"யாரு வீட்டுக் கல்யாணம்வே?"

"சர்க்காருக்கு. பொண்ணு யாரு, மாப்பிள்ள யாருன்னு சார்ட்ட கேளும்."

மச்சான் சாவகாசமாக என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ள இவருன்னா பொண்ண நெனச்சு எரக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டப்படி அவர்கள் நின்றிருக்க வேண்டும். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் என் அறிக்கையில், ஒழுங்காக நடந்தது என்று எழுதினேன். அது பொய்யில்லை.

பண்டாரியிடம் ஒரு வியாதி இருந்தது. எதிலும் மீதி வைப்பார். பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகுவார். டீயில் கால் கிளாஸ் விடுவார். விறகில் ஒரு கட்டை எப்போதும் அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். கதை சொன்னாலும் அப்படித்தான். செங்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பின்சுவர் ஏறிக் குதித்து ஓடப் பார்த்தானாம். சுவர்மேல் ஒரு காலைப் போட்டான் என்று சொல்லி நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு, இன்ஷா அல்லா," என்று எழுந்து போனார். மாப்பிள்ளை இந்தப் பக்கம் விழுந்தானா அந்தப் பக்கம் விழுந்தானா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

இன்ஷா அல்லா சொன்னதோடு விடவும் மாட்டார். அண்டாவை இறக்கியதும் யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால் முதல் அகப்பையை எடுத்துத் தனியே வைப்பார். ஒரு நாள் கேட்டேன், எதற்கு இது என்று.

"சார், பந்தில மொதல்ல உக்காருதவன் பசில வாரான். அவனுக்கு எதப் போட்டாலும் ருசிதான். கடைசியா ஒருத்தன் ஓடி வருவான் பாருங்க, அவனுக்குக் காலி அண்டாவக் காட்டுனா பண்டாரி செத்தான்."

"இங்கே கடைசி ஆள் யாரு?"

"நாளைக்கு," என்றார். நாளை என்பது யாரோ சுரண்டை பஸ்ஸில் வந்து இறங்கப்போகிற சொந்தக்காரர் மாதிரி சொன்னார்.

இரண்டாவது மாதத்தில்தான் கவனித்தேன். கொட்டகைக்குப் பின்னால், ஓலைத் தட்டியின் மறைவில் மூன்றாவதாக ஓர் அண்டா இருந்தது. மற்ற இரண்டைவிடச் சிறியது. மத்தியானம் முக்கால்வாசி நிறைந்திருக்கும். எல்லாரும் போன பிறகு பார்த்தால் அண்டாவே இருக்காது. ஒரு அகப்பை ஒதுக்கி வைப்பது பழக்கம் என்று விட்டுவிடலாம். இது பழக்கமில்லை, ஏற்பாடு. சர்க்கார் கஞ்சி திருடு போகிறது, திருடுகிற இடத்துக்கு நான் பொறுப்பு. அம்மா பாளையங்கோட்டைச் சிறைக்கு என்னைப் பார்க்க வருவதுவரை யோசித்துவிட்டேன். அங்கேயும் கேழ்வரகுக் கஞ்சிதான் ஊற்றுவார்களாம். எனக்கு அது பழகியிருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பண்டாரி கிளம்பினார். பின்னாலேயே போனேன். ஒரு தந்திக் கம்பத்தின் பின்னால் ஒளிந்தேன். அப்போது என் உடம்புக்குக் கம்பம் போதும். அவர் திரும்பாமலே சொன்னார்:

"வெயிலா இருக்கு சார். ஒளிஞ்சுதான் வருவேன்னா நெழலு பக்கமா ஒளிஞ்சு வாங்க."

பிறகு சேர்ந்தே நடந்தோம். மச்சான் வீட்டு மொட்டைமாடியில் பழைய வேட்டிகளை விரித்து, கஞ்சியை மெல்லிசாக ஊற்றிப் பரப்பினார். முந்தைய நாள் ஊற்றியது காய்ந்து சிலாம்பு சிலாம்பாக உரிந்திருந்தது. கூழ்வற்றல் போடுகிற அதே முறை. மச்சான் அதைப் பொறுக்கி மண்பானையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வத்தலா?" என்றேன்.

"பாவுக்கு," என்றார் மச்சான்.

அவர்தான் சொன்னார். ஏழு வீட்டுக்காரர்கள் தங்களிடம் மிச்சம் கிடந்த நூலையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரே பாவாக ஓட்டி வைத்திருந்தார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். அதைத் தெருவில் நீள விரித்து, கெட்டிக் கஞ்சி தடவி, காயவிட்டு எடுத்தால்தான் இழை விறைத்து நிற்கும். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினால் பத்துத் தடவை தட்டுவதற்குள் பொடிப்பொடியாக அறுந்துவிடும். பாவுக்குக் கஞ்சி காய்ச்ச எந்த வீட்டிலும் ஒரு பிடி தானியம் இல்லை. அதனால்தான் தினமும் ஒதுக்கியதை வற்றலாக்கிச் சேர்த்தார்கள்; பாவு விரிக்கிற அன்று வெந்நீரில் கரைத்தால் மறுபடி கஞ்சி. சுரண்டையில் ஒரு கடைக்காரர், ஆடிக்குள் சாரம் நெய்து கொடுத்தால் பதிலுக்கு நூல் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நூல் வந்தால் தறிகள் ஓடும். வராவிட்டால் இனி வாழ்நாள் பூரா யாராவது அகப்பையால் ஊற்ற வேண்டியதுதான். தெருவின் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு பாவில் இருந்தது. அதுவும் ஏழு வீட்டு மிச்சமானதால் ஏழு நிறத்தில் இருந்தது. அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் கடையத்தில் நடந்தால் தென்காசியிலிருந்தே தெரியும்.

"பாய், குடிக்கத்தான் கஞ்சி. உத்தரவு."

"மாவு சர்க்காரோடது. நீங்க அளந்து குடுக்கதுல நான் ஒரு பிடி தொட்டிருக்கேனா? கஞ்சியானா அது பந்தி. பந்தி பண்டாரி பொறுப்பு."

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்திருக்கும். என்னிடம் புத்தகம் இல்லை. ஆளுக்கு ஒரு அகப்பை என்பதில் அவர் எத்தனை குறைக்கிறார் என்று கேட்டிருக்கலாம். பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

அடுத்த வாரமே மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று அவர் பார்க்கிற நான்காவது தொட்டி என்றார். சகன்களைப் பார்த்தார். நேராகப் பின்பக்கம் போய் மூன்றாவது அண்டாவின் மூடியைத் தூக்கினார்.

"இது என்ன?"

என் வாயைத் திறந்தேன். அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. "அது என் சாப்பாடு சார்."

"இவ்வளவுமா?"

"எனக்குக் கொஞ்சம் பசி ஜாஸ்தி சார்."

அவர் ஓலைத் தட்டியோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "சாப்பிடும். பார்ப்போம்."

பாவுக்காக உப்புப் போடும் முன்பே ஒதுக்கியது. உப்பு இல்லை. பசை. முதல் டம்ளர் தொண்டையில் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. இரண்டாவது முதலாவதின் மேல் உட்கார்ந்தது. மூன்றாவதோடு நிறுத்தலாம் என்று பார்த்தால், பண்டாரி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அடுத்ததை ஊற்றினார். "சார் கூச்சப்படுதாவ. எப்பமும் ஏழு குடிப்பாவ."

ஐந்தாவதில் அதிகாரி எழுந்தார். என்னையும் அண்டாவையும் பண்டாரியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, புரிந்துகொள்ள அலுப்பாக இருந்ததா, தெரியாது. "உடம்பைப் பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அன்று என்னைத் தறியில் ஏற்றியிருந்தால் ஓர் இழைகூட அறுந்திருக்காது.

"ஏழுன்னு ஏன் சொன்னீரு பாய்?" என்று முனகினேன்.

"அஞ்சுன்னு சொல்லிருந்தா ஆறாவதும் குடிக்கச் சொல்லிருப்பாரு. ஏழுன்னதும் பயந்துட்டாரு பாத்தியளா."

இதையெல்லாம் சொல்லி நான் ஆபீசில் பலமுறை சிரிக்க வைத்திருக்கிறேன். இனி சொல்லப்போவதைச் சொன்னதில்லை.

அந்தத் தெருவில் தார் சுற்றுகிற பெண் ஒருத்தி இருந்தாள். இராட்டினத்தில் நூலைச் சுற்றிக் குறுக்கு இழைக்கான சிறு கண்டுகள் செய்து கொடுப்பது அவள் வேலை. புருஷன் கொழும்புக்குப் போனவன், கடிதம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். தறி நின்றதும் முதலில் அடுப்பு நின்றது அவள் வீட்டில்தான். ஒரு நாள் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தாமதமாக வந்தாள், இரண்டையும் இழுத்துக்கொண்டு. இரண்டு அண்டாவும் வழித்தாகிவிட்டது. ஓலைத் தட்டி காற்றில் விலகியிருந்தது.

"மாமா, அங்கன இருக்கே."

"அது நாளைக்கும்மா," என்றார் பண்டாரி.

"நாளைக்கு நாங்க இருக்கணும்லா. இருந்தாத்தான நாளைக்கு."

"பாவு இருக்கும்மா. ஒனக்கும் அதுலதான் சோலி வரணும்."

"சோலி வரட்டும். இப்ப இந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுக்க?"

பண்டாரியின் கை மூடியின்மேல் இருந்தது. எடுக்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அப்போது பொறுப்பாளன் என்ன செய்தான் என்று கேட்டால், வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதில் ஏதோ அவசரமாகச் சரிபார்த்தான். அவள் சத்தம் போடவில்லை. சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பண்டாரி தன் மனைவியிடம் சகனில் வைத்து மூடிக் கொடுத்தனுப்பினார். மூடினது மூடினபடி திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அவர் மண்பானைகளிலிருந்த அத்தனை வற்றலையும் வெந்நீரில் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தார். அன்று ஆளுக்கு இரண்டு அகப்பை. குழந்தைகளுக்கு மூன்று. அவள் வீட்டுக்கு மட்டும் அவரே கொண்டுபோனார். குழந்தைகள் குடித்தார்களாம். அவள் குடிக்கவில்லையாம்.

மச்சான் வந்து காலிப் பானைகளைப் பார்த்தார். "ஏம்வே, பாவுக்கு என்னத்தத் தடவ? ஒம்ம தாடியையா?"

"தடவுங்க."

"ஆடிக்கு எத்தன நாளு இருக்குன்னு தெரியுமா? சாரல் விழுந்துட்டு. இனி வத்தல் போட வெயில் எங்கன இருக்கு? நாளைக்கு என்ன செய்யன்னு சொல்லும்."

"நாளைக்குன்னு என்ட்ட கேக்காதிய மச்சான். அந்தப் புள்ளைட்ட அந்த வார்த்தையச் சொல்லிட்டேன். இன்னும் வாயி கசக்கு."

இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பண்டாரி மூன்றாவது அண்டாவோடு குற்றாலத்துக்குக் குதிரைவண்டி ஏறுகிறார் என்று கேள்விப்பட்டேன். சீசன் ஆரம்பித்திருந்தது. பங்களாக்களில் தங்கி அருவியில் குளிக்க வருகிற பெரிய மனிதர்கள் நல்ல சமையல்காரருக்கு அலைவார்கள். அவரையும் வருஷா வருஷம் கூப்பிடுவது உண்டு. விட்டுவிட்டுப் போகிறார், நாளை இரண்டு அண்டாவையும் நானே கிண்ட வேண்டும் என்று நினைத்தேன். ஓடிப்போய் அதே வண்டியில் தொற்றினேன்.

"பாய், நீரு போயிட்டா தொட்டி என்ன ஆகும்?"

"எங்க போறேன்? இருங்க."

பங்களாக்களின் முன்பக்கத்தில் எண்ணெய் தேய்த்த உடம்புகள் துண்டோடு உலாத்திக்கொண்டிருந்தன. பண்டாரி பின்பக்கம் போனார். ஒவ்வொரு சமையலறைக்கும் வெளியே சோறு வடித்த கஞ்சி சாக்கடையில் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. அருவியில் குளித்தவனுக்குப் பசி அப்படி. வேளைக்கு இரண்டு உலை. நாங்கள் மூன்று மைல் தள்ளி அகப்பைக் கணக்கில் அடித்துக்கொண்ட சரக்கு இங்கே ஓடையாகப் போனது. அவர் அதை நின்று பார்த்தார். கோபப்படவில்லை. கோபத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

ஒரு பங்களாவில் மதுரைச் சமையல்காரர் கேட்டார், "மாட்டுக்கா? எத்தனை மாடு வச்சிருக்கீரு?"

"ஏழு. பதினாலு காலு."

"மாட்டுக்கு நாலு கால் இல்லையாய்யா?"

"இது நடக்காது. ஆடிக்கிட்டே நிக்கும்."

தறிக்குக் காலால் மிதிக்கிற கட்டை இரண்டு. அந்தக் கணக்கு சமையல்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் வடிகஞ்சியை ஊற்றினார். ஒன்பது வீட்டில் அண்டா நிறைந்தது. தென்காசிக்கு ஆளில்லாமல் திரும்புகிற வண்டியில் அதை ஏற்றினோம். தளும்பாமலிருக்க நான் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே வந்த வண்டியிலிருந்து எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸ்காரர் கையசைத்தார். அசைக்கக் கை இல்லாததால் தலையை ஆட்டினேன்.

வந்து அதைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வைத்துவிட்டு, பண்டாரி தார் சுற்றுகிறவளின் வாசலுக்குப் போனார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"காலைல பாவு விரிக்கோம். அறுந்த இழை எடுக்க ஒன்ன மாதிரி கை இந்தத் தெருவுல இல்ல," என்றார்.

 கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

விடிந்ததும் பாவு தெருவில் நீள விரிந்தது. ஏழு நிறம். இரண்டு பக்கமும் ஆள். மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது, இறங்குவதா வேண்டாமா என்று. சாரல் விழுந்தால் தடவின கஞ்சி கரைந்து பாவு கூழாகிவிடும். இன்னொரு பாவுக்கு நூல் கிடையாது. நான் ஒரு குடையை விரித்துப் பாவின்மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது முழப் பாவுக்கு ஒரு குடை. மச்சான் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவு விரிக்கிற நேரத்தில் சிரித்தால் கை ஆடும்.

அப்போது அவள் வந்தாள். இரண்டு குழந்தைகளோடு. பாவுக்குப் போகாமல் நேராக அண்டாவிடம் போய் நின்றாள்.

"அன்னைக்கு உள்ளத ஊத்துங்க."

நாற்பது கை பாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பண்டாரி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அகப்பையை விட்டார். முதல் அகப்பை. பெரியவளுக்கு. இரண்டாவது சின்னவளுக்கு. மூன்றாவது அவளுக்கு. அவள் குத்தவைத்து உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். நான் மலையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். சீக்கிரம் குடிக்கச் சொல்ல என் நாக்கு எழுந்தது. சொல்ல யோக்கியதை இல்லை என்று அதற்கே தெரிந்து படுத்துக்கொண்டது.

"இன்னொண்ணு," என்றாள். ஊற்றினார். அதையும் குடித்தாள்.

"உப்பு இல்ல மாமா."

"பாவுக்கு உப்பு போடமாட்டாவம்மா."

"அப்பம் இனி பாவுக்கே ஊத்துங்க." வாயைத் துடைத்துக்கொண்டு பாவின் மறுகோடிக்குப் போய், அறுந்து தொங்கிய முதல் இழையைக் கையில் எடுத்தாள்.

பண்டாரி அண்டாவைச் சாய்த்தார்.

பாவு காய்ந்தது. அதைச் சுருட்டி எடுத்த பிறகுதான் சாரல் வந்தது; என் குடையால் அல்ல. சாரம் நெய்து சுரண்டைக்குப் போனது. கடைக்காரர் நிறத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டாராம். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஏழு தறிக்கும் நூல் வரவில்லை, மூன்றுக்கு வந்தது. மற்ற நான்கு வீட்டு ஆண்களில் இரண்டு பேர் மலையாளத்துப் பக்கம் கூலிக்குப் போனார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. என்னைச் சிவகிரிக்கு மாற்றிவிட்டார்கள்.

மாற்றலுக்கு முந்தின வாரம் தொட்டியை மூடினோம். கடைசி நாள் ஒரே அண்டாதான் ஏற்றினோம். எல்லாருக்கும் ஊற்றியாகிவிட்டது. தார் சுற்றுகிறவளுக்கும் குழந்தைகளுக்கும் உள்ளது மட்டும் அடியில் இருந்தது. பண்டாரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து மச்சான் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"அவ வரல்லவே. தார் கேட்டு மூணு தறியும் வாசல்ல நிக்காம். கஞ்சிக்கு வந்து நிக்க நேரமில்ல, வேற ஆளுக்கு ஊத்துங்கன்னு சொல்லிவிட்டா."

பண்டாரி அகப்பையை அண்டாவின் விளிம்பில் ஒருமுறை தட்டினார். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"வரமாட்டாளாம் சார்," என்றார்.

அடியில் இருந்ததை மச்சானுக்கு ஊற்றிவிட்டு, அண்டாவைக் கவிழ்த்துக் கழுவும்போது ஒரு தடவை சொன்னார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது இன்னொரு தடவை.

"நேரமில்லையாம்."